சேற்றூசியும் கிடாக்கறியும்

அந்த ஊசி மருந்து எதிலிருந்து வருகிறது என்று கோரைக்குளத்தில் முதலில் காசிலிங்கம் ஒருவருக்குத்தான் தெரியும். சேற்றிலிருந்து. தூத்துக்குடித் துறைமுகத்தில் டிரம் டிரம்மாக ஏற்றி, குளிர்பெட்டி லாரியில் மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிக் கட்டடத்துக்குக் கொண்டுபோய் இறக்கியதே அவர்தான். நடுக்கடலில் மலை உயர ஆழத்தில் அள்ளியது என்று கப்பலில் வந்தவர்கள் சொன்னார்கள். கம்பியை விட்டு இழுத்தவன் அடியைக் கண்ணால் பார்த்தானா, இவன் சொல்வதை எப்படி நம்புவது என்று ஒரு டிரம்மின் மூடியை நெம்பித் திறந்து பார்த்தார். சேறுதான். பழுப்பாக, அரைத்த மாவு போல, துளி நாற்றம் இல்லாத சேறு. நாறாத சேற்றை அவர் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. அன்றைக்கே மனசுக்குள் ஒரு முள் விழுந்துவிட்டது.

பிறகு மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது, அதற்கடுத்த வருஷமும். கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ரேஷன் கடையில் பாதிப் பேருக்கு அரிசி, மீதிப் பேருக்குச் சமாதானம் என்று ஆனபோது, கம்பெனி ஊசியோடு ஊருக்குள் வந்தது. ஊசி போட்டுக்கொண்டால் பசிக்காது. காலையில் ஒரு பொட்டலம் மாவைக் கரைத்துக் குடித்தால் போதும், உடம்பு அதை வைத்தே ஓடும். இளைக்காது, வேலைவெட்டி பார்க்கலாம். ஊரில் ஊசி போடும் வேலைக்குக் காசிலிங்கத்தின் மருமகன் செந்தூரானையே எடுத்துக்கொண்டார்கள்.

மருமகன் முதலில் மாமனாரிடம்தான் வந்தான்.

"சட்டையக் கொஞ்சம் சுருட்டுங்க மாமா. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"சேத்தைக் கொண்டாந்து எறக்குனவன் நான். அதை எங் கையிலயே குத்த வாறீகளா?"

"அது சேறு இல்ல மாமா. சேத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுரு ஒண்ணு இருக்கு. ஒரே ஒரு அணுதான் அதுக்கு ஒடம்பே. மாசக்கணக்கா சோறு தண்ணி இல்லாம கெடக்கும், சாகாது. அந்தச் சூட்சுமத்தை மட்டும் எடுத்து..."

"கண்ணுக்குத் தெரியாதுன்னு நீங்களே சொல்லிட்டீக. அப்புறம் அதுலருந்து எடுத்தது மட்டும் எப்படித் தெரிஞ்சது? போங்க மாப்ளே. வேற கை பாருங்க."

ஊரே போட்டுக்கொண்டது. அவர் மகள் தேன்மொழி உட்பட.

பொய் சொல்லக் கூடாது, ஊசி வேலை செய்தது. ஒருத்தரும் சாகவில்லை, ஒருத்தரும் ஊரைவிட்டுப் போகவில்லை. பெண்களுக்கு அது விடுதலை மாதிரிதான் இருந்தது. விறகு பொறுக்க வேண்டாம், உலை வைக்க வேண்டாம், சட்டி கழுவ வேண்டாம். தேன்மொழி தையல் மிஷின் வாங்கிப் போட்டாள். பிற்பகலில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஏதாவது ஒரு தொழில் நடக்கும் சத்தம் கேட்டது. காசிலிங்கம் மட்டும் ரேஷன் அரிசியை வாங்கிப் பொங்கி, புளியைக் கரைத்து ஊற்றித் தின்றுகொண்டிருந்தார். அவர் அடுப்புப் புகையைப் பார்த்து, "அண்ணன் வீடு தீப்பிடிச்சிருச்சு" என்று கேலி பேசுவாள் எதிர்வீட்டு வேலம்மா. அவள் அங்கன்வாடியில் ஆயா.

இல்லாமல் போனவையும் சில உண்டு. டீக்கடை போனது. கல்யாணம் என்றால் தாலி கட்டியதும் எல்லாரும் எழுந்து வேலைக்குப் போனார்கள். வெளியூர்க்காரன் யார் வந்தாலும் "சாப்பிட்டீகளா" என்று கேட்பது மட்டும் வாய்ப்பழக்கத்தில் மிச்சமிருந்தது. வந்தவன் இல்லை என்று சொல்லிவிட்டால் கேட்டவர் திருதிருவென்று முழிப்பார்.

இப்படிச் சில வருஷம் போன பிறகு, ஒருநாள் வேலம்மா அங்கன்வாடி வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். காசிலிங்கம் தன் கிடாயை மேய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு நடப்பதால் அந்தக் கிடாய்க்கு மேனேஜர் என்று பேர் வைத்திருந்தார்.

"என்னத்தா, பிள்ளைகளைக் காணோம்?"

"இருந்ததுக எல்லாம் ஸ்கூலுக்குப் போயிருச்சுக."

"புதுசா?"

வேலம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "அண்ணே, நம்ம ஊர்ல கடைசியாத் தொட்டில் கட்டுனது எந்த வீட்ல? யோசிச்சுச் சொல்லுங்க."

காசிலிங்கம் யோசித்தார். தெருத் தெருவாக மனசுக்குள் நடந்து பார்த்தார். ஊசி வந்த பிறகு ஒரு வீட்டிலும் இல்லை.

இத்தனை பேருக்கும் எப்படித் தெரியாமல் போனது? தெரியாமல் இல்லை. அவரவர் வீட்டில் அவரவருக்குத் தெரியும். பிள்ளை தங்காததை எவள் வாசலில் வந்து சொல்லுவாள்? ஒருத்தி துணி எடுக்கப் போவதாகச் சொல்லிப் பரமக்குடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். இன்னொருத்தி அக்காளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக் கோயிலுக்குப் போனாள். ஒவ்வொருத்தியும் தன் வயிற்றில்தான் கோளாறு என்று வாயை மூடிக்கொண்டாள். ஒரே பஸ்ஸில் ஒரே ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டே ஒருத்திக்கொருத்தி பொய் சொல்லியிருக்கிறார்கள்.

தேன்மொழி வெட்டிப்போட்ட துண்டுத் துணிகளில் உள்ளங்கை அகலச் சட்டைகள் தைத்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருப்பது காசிலிங்கத்துக்குத் தெரியும். ஒருநாள் டார்ச் லைட்டைத் தேடியபோது பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி மூடிவைத்தார். அந்தச் சட்டைகள் இப்போது கண்ணுக்குள் வந்து நின்றன. மறுநாள் காலை பஸ் ஏறிவிட்டார்.

ஆராய்ச்சிக் கட்டடத்தில் டாக்டர் பெனிட்டாவுக்கு அவரைத் தெரியும். தூத்துக்குடிக்காரப் பெண். லாரி வந்தால் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தானும் ஒரு கை பிடித்து டிரம்மை உருட்டுவாள்.

"வாங்கய்யா! சாப்பிட்டீங்களா?"

"நான் சாப்பிடுற ஆளு தாயி. காலையிலயே சாப்பிட்டேன். எங்க ஊருப் பொம்பளைகளுக்கு நீங்க என்ன செஞ்சு வச்சிருக்கீகன்னு கேக்க வந்தேன்."

அவள் ஒரு கம்பளிக் கோட்டை எடுத்துக் கொடுத்து, உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். இருட்டான, ஜில்லென்ற அறை.

"பொணம் வைக்கிற எடமா தாயி இது?"

"கடலுக்கு அடியில இப்படித்தான் இருக்கும்யா. அதே குளிரு, அதே இருட்டு. இல்லாட்டி இதுக பொழைக்காது."

சோற்றுத்தட்டு அளவில் மூன்று கண்ணாடித் தட்டுகள். மூன்றிலும் அவர் ஏற்றி வந்த சேறு. மேலே பொருத்தியிருந்த உருப்பெருக்கியைத் திருப்பினாள். சுவரில் இருந்த திரையில் படம் விழுந்தது. முதல் தட்டில் கசகசா மாதிரி மணிகள் அசையாமல் கிடந்தன.

"இதுக்கு ஒண்ணும் போடல. அப்படியே கெடக்கு. சாகல. இது ரெண்டாவது. தினமும் ஒரு சிட்டிகை கடல்பாசிப் பொடி போடுதேன். பாருங்க."

அதுவும் அப்படியேதான் கிடந்தது. அங்கொன்றும் இங்கொன்றும் லேசாக ஒரு நூலை நீட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது.

"இது மூணாவது. முந்தாநாள் ஒரேயடியாக் கொட்டுனேன்."

காசிலிங்கம் திரைக்குப் பக்கத்தில் போய்விட்டார். மணி ஒவ்வொன்றிலிருந்தும் சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக வெளியே வந்து சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தது. நூல் வழியே பச்சைத் துணுக்குகள் உள்ளே ஓடின. சில மணிகள் வீங்கிப் பச்சையாகிவிட்டன. ஒன்றைச் சுற்றி ரவையைச் சிந்தியது போலக் குட்டி மணிகள்.

"பெத்துருச்சா?"

"பெத்துருச்சு. கடலுக்கு மேல எப்பவாவது பாசி மொத்தமாப் பூக்கும்யா. பூத்துச் செத்து, பஞ்சு மாதிரி மெல்ல அடிக்கு எறங்கும். அடியில வேற சாப்பாடு கெடையாது. அடுத்தது எப்ப விழும்னும் தெரியாது. அதனால இதுக செத்த மாதிரி படுத்துக் கெடக்கும். பஞ்சு வந்து மூடுச்சுன்னா உடனே முழிச்சுரும். அள்ளிப் போட்டுக்கிட்டு, ரெண்டு மூணு நாள்ல குட்டி போட ஆரம்பிச்சுரும். தீந்ததும் மறுபடி படுத்துரும்."

"தெனம் ஒரு சிட்டிகை போட்டா?"

"உசுரோட இருக்கதுக்கு அது போதும். பெருகணும்னா, நெறைய வந்துருக்குன்னு அதுக்குத் தெரியணும்."

காசிலிங்கம் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே சொன்னாள். "நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு தெரியும்யா. பொட்டலத்துல இருக்கது ஒரு சிட்டிகைதான். நான் போன வருஷமே மேல சொன்னேன். எல்லாருக்கும் டெஸ்ட் நல்லாத்தான் இருக்கு, ஊசிக்கும் பிள்ளை இல்லாததுக்கும் சம்பந்தம் இல்லைன்னுட்டாங்க." கோட்டைத் தோளிலிருந்து இறக்கிக் காட்டினாள். தோளில் ஊசித் தழும்பு. "எனக்கும் கல்யாணமாகி வருஷமாச்சு."

அவருக்குக் கோபம் வைக்க இடம் இல்லாமல் போனது.

"அப்ப ஒரு நாளு வயிறு முட்ட ஆக்கிப் போட்டா முடிஞ்சது. இதுக்கு எதுக்கு முழிக்கிறீக?"

"செத்துப் போனா? பல காலம் பட்டினி கெடந்த ஒடம்புல திடீர்னு சோறு விழுந்தா ரத்தத்துல உப்பெல்லாம் தாறுமாறா ஓடும். நெஞ்சு நின்னுரும். மெல்ல மெல்லக் கூட்டுனா நெஞ்சுக்கு நல்லது, ஆனா மெல்லக் கூட்டுனா இது முழிக்காது."

காசிலிங்கம் இன்னும் அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரவைக்கு நடுவில் கிடந்த பெரிய மணி வெளுத்துப்போய், உள்ளே ஒன்றுமில்லாமல், கண்ணாடி மாதிரித் தெரிந்தது.

"ஏன் தாயி, இதுல பெத்தவ எங்க?"

பெனிட்டா திரையில் வெளுத்த மணியை விரலால் காட்டினாள். "அதுதான்யா. ஓடு மட்டும் மிஞ்சும். உள்ள இருக்கது அம்புட்டையும் குட்டிகளுக்குப் பிரிச்சுக் கொடுத்துரும்."

"மனுஷிக்கு?"

"தெரியாது."

கம்பெனி ஆள் ஒருவர் வாயிலிருந்து 'தெரியாது' என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனாலேயே அவளை நம்பினார். நம்பியதால் பயந்தார்.

தட்டின் ஓரத்தில், அத்தனை பச்சைக்கு நடுவிலும் சில மணிகள் அசையாமல் கிடந்தன. "இதுக ஏன் எந்திரிக்கல?" என்று கேட்டார்.

"சிலது எந்திரிக்கிறதே இல்ல. எதுக்குக் காத்திருக்குன்னு எங்களுக்கே தெரியாதுய்யா."

ஊருக்குத் திரும்பினார். எங்கே போனீர்கள் என்று கேட்ட மகளிடம் பல்வலி என்றார். எல்லாரும் சோறு தின்ன வேண்டும் என்று ஊரெல்லாம் ஏசிக்கொண்டு திரிந்த மனிதர் அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. மகள் பக்கத்தில் வந்தால் தன் சோற்றுச்சட்டியைக்கூட மூடி வைத்தார்.

மறைத்து என்ன பிரயோசனம்? அடுத்த வாரம் பெனிட்டாவே ஜீப்பில் வந்து இறங்கினாள். ஊசிக்காரன் வீடு எது என்று கேட்டு நேராகத் தேன்மொழியிடம் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். தேன்மொழி வெளியே வந்தபோது கையில் தையல் கத்தரிக்கோல் இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டாள்.

"பல்வலியாப்பா உங்களுக்கு?"

காசிலிங்கம் கிடாயின் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"தெரிஞ்சும் சொல்லல. நான் ஆஸ்பத்திரிக்கு அலையிறதப் பாத்துக்கிட்டே இருந்தீக."

"ஓடுதான் மிஞ்சும்னு அந்தப் புள்ள சொன்னா. எங் கண்ணால பாத்தேன். நீ ஓடாப் போறதுக்கு நான் கறி ஆக்கிப் போடவா?"

"நான் என்ன சேத்துப்பூச்சியாப்பா?"

"ஊசி போட்டப்ப அதுதான உள்ள போச்சு!"

செந்தூரான் குறுக்கே வந்தான். அவன் முகம் வெளிறியிருந்தது. "மாமா சொல்றதுல ஞாயம் இருக்கு தேனு. கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலையும் போயிரும்..."

"எனக்குக் குத்துனது நீங்கதான?" என்றாள் அவள். கத்தவில்லை. "அன்னைக்குக் கண்ணை மூடிக்கிட்டுக் கையை நீட்டுனேன். இன்னைக்குக் கண்ணைத் தொறந்துக்கிட்டு வாயைத் தொறக்கேன். எனக்குப் பிள்ள வேணும். பயமா இருந்தா ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கங்க. நானே ஆக்கிக்கிறேன்."

"ஒலைக்கு எம்புட்டுத் தண்ணி வைக்கணும்னு தெரியுமா உனக்கு?" என்றார் காசிலிங்கம்.

அவளுக்கு மறந்துபோயிருந்தது. நின்றாள். கண் கலங்கிவிட்டது. அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"கத்தரிக்கோலைக் கீழ வையி. நான் ஆக்குறேன்."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண். "மாமா, எனக்கும் ஒரு எலை போடுங்க." சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுத சத்தத்துக்கு அடுத்த வீட்டில் தையல் மிஷின் நின்றது. சாயங்காலத்துக்குள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் அந்த வீட்டு வாசலில் இருந்தார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்து, "அடி பாவி, நீயுமா? துணி எடுக்கப் போறேன்னு சொன்னியேடி" என்று அடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மேனேஜருக்கு விதி முடிந்தது. அவன் ஒருவன் போதாதென்று கமுதிச் சந்தையில் இன்னும் நாலைந்து கிடாய் பிடித்து வந்தார்கள்.

பெனிட்டா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். விருந்துக்கு முன்னால் சில நாள் எல்லாரும் உப்புக் கரைசல் குடிக்க வேண்டும். விருந்தன்று ஓர் இலைச் சோறு, நாலு கரண்டிக் கறி, ஒரே தடவை. உடம்பு முழித்துக்கொள்ள அது போதும். மறுசோறு கிடையாது, யார் கேட்டாலும் கிடையாது. யாராவது விழுந்தால் ஏற்றுவதற்கு உப்புநீர்ப் பைகளும் கொக்கிகளும் கொண்டுவந்திருந்தாள். எப்படி ஏற்றுவது என்று செந்தூரானுக்குக் காட்டிக்கொடுத்தாள். தான் சாப்பிடப் போவதில்லை, பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றும் சொன்னாள்.

எல்லாம் சரிதான். ஆனால் சொல்லப்பட்ட ஊர் கோரைக்குளம்.

உச்சிவேளையில் வேப்பமரத்தடியில் பந்தி விரித்தார்கள். அண்டாவைத் திறந்ததும் மல்லியும் மிளகும் கலந்த ஆவி வந்து முகத்தில் அடித்தது. முதல் கவளத்தை வாயில் வைத்த ஒரு கிழவர் மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து இலையில் விழுந்தது. தேன்மொழி தலை நிமிராமல் தின்றாள். காசிலிங்கம் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார், மூச்சு ஏறி இறங்குகிறதா என்று.

அவள் நன்றாகத்தான் இருந்தாள். எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு நடந்தது.

பரிமாறிக்கொண்டு வந்த வேலம்மா, மரத்தடியில் நின்ற பெனிட்டாவைப் பார்த்தாள். "ஏத்தா, ஊருக்கே சோறு போட வச்ச புள்ள பட்டினியா நிக்கிது! எலையப் போடுங்கப்பா!"

"வேண்டாம்மா, நான் பாத்துக்கிடணும்..."

"பாத்துக்கிட்டே திங்கலாம். உக்காரு."

உட்கார வைத்துவிட்டார்கள். பெனிட்டா ஒரு கை சோறு எடுத்தாள். வாயில் போட்டதும் அவள் முகம் மாறியது. டாக்டர் போய் வேறு யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. நாலு கரண்டி முடிந்ததும் இலையை மடிக்கப் போனாள். ஐந்தாவது கரண்டி விழுந்தது.

"போதும்மா!"

"நம்ம ஊர்க் கறி புடிக்கலையா தாயி?" என்றார் காசிலிங்கம். ஆமாம், அவரேதான். ஊரில் ஒருத்தரையும் நம்பாத மனுஷன், விருந்தாளி போதும் என்று சொன்னதை மட்டும் நம்புவாரா? கையால் அள்ளி ஈரலை வைத்தார். அவர் வைத்ததால் செந்தூரான் வைத்தான். செந்தூரான் வைத்ததால் பக்கத்து வீட்டுக்காரி ரசம் ஊற்றினாள். மறுசோறு கிடையாது என்று சட்டம் போட்டவளுக்கே மறுசோறு, அதற்கு மறுசோறு. வேண்டாம் என்று அவள் இலைக்கு மேல் நீட்டிய கையின் மேலேயே சோறு விழுந்தது.

அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள்.

முதலில் சிரித்தார்கள், உண்ட மயக்கம் என்று. உதடு நீலமாவதைக் காசிலிங்கம்தான் பார்த்தார். "மாப்ளே! பையைக் கொண்டாங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்துவிட்டன. செந்தூரான் ஓடிவந்தான். ஊருக்கே ஊசி குத்திய கைதான். இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை நரம்பு அகப்பட்டது. உப்புநீர்ப் பையைத் தூக்கிப் பிடிக்கக் கொக்கியைத் தேட நேரமில்லை. காசிலிங்கம் கையிலேயே உயரப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் கடுத்தது. மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. "நான் வச்ச ஈரல்தாண்டா உள்ள போயிருக்கு" என்று அதட்டினார்.

பை பாதி இறங்கியதும் பெனிட்டா கண்ணைத் திறந்தாள்.

"எத்தனை பேருய்யா விழுந்தாங்க?"

"ஒங்களத் தவிர ஒருத்தரும் இல்ல தாயி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரசம் நல்லாருந்துச்சு" என்றாள்.

பந்திப் பாய்களிலேயே ஊர் மொத்தமும் சாய்ந்து தூங்கியது. அதற்குப் பிறகு சில நாள் கோரைக்குளம் கோரைக்குளமாக இல்லை. காரணமில்லாமல் சண்டை போட்டார்கள், சத்தமாகச் சிரித்தார்கள், பட்டப்பகலில் கதவைச் சாத்தினார்கள். காசிலிங்கம் ஊரணிக் கரையில் போய் உட்கார்ந்துகொண்டார். பிறகு பழையபடி பொட்டலமும் அமைதியும் வந்தன.

ஆனால் வயிறுகள் தெரிய ஆரம்பித்தன. எல்லா வீட்டிலும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து முதலில் இலை கேட்டவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் காசிலிங்கத்துக்குத் தட்டின் ஓரத்தில் அசையாமல் கிடந்த மணிகள் நினைவுக்கு வரும். அடுத்த கிடாய் உனக்குத்தான் என்று அவளிடம் சொல்லி வைத்தார். தூத்துக்குடியிலிருந்து பெனிட்டாவும் போன் பண்ணினாள். சொல்ல வந்த விஷயத்தை விட்டுவிட்டு ரசத்துக்கு என்ன சேர்த்தீர்கள் என்று ஆரம்பித்தாள். அவளுக்கும் பிள்ளை தங்கிவிட்டது என்று அதிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

கம்பெனியின் நிஜ மேனேஜர் கார் போட்டு வந்தார். வயிறுகளைப் பார்த்தார். கண்டிப்பார் என்று செந்தூரான் பயந்துகொண்டிருக்க, அவர் கைகொடுத்துவிட்டுப் போனார். அவர் வந்துபோன மூன்றாம் மாதம் கம்பெனி வண்டியில் புது விளம்பரம் ஒட்டியிருந்தது: வருடம் ஒரு விருந்துப் பொட்டலம். காசிலிங்கம் அதன் மேல் துப்பப் போனார். வாய் உலர்ந்திருந்ததால் விட்டுவிட்டார்.

தேன்மொழிக்கு நாள் நெருங்க நெருங்க அவருக்குத் தூக்கம் போனது. வெளுத்த அந்த ஓடு கண்ணுக்குள் கிடந்தது. மகளின் கையைப் பிடித்துப் பார்ப்பார். அவள் பிடுங்கிக்கொள்வாள். "உள்ள ஆள் இருக்கேம்பா. தட்டித் தட்டிப் பாக்காதீக, நான் என்ன பானையா?"

ஒரு காலைப்பொழுதில் பிள்ளை பிறந்தது. பெனிட்டா தன் வயிற்றையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள், அவள்தான் பார்த்தாள். வெகுநேரம் உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. வாசலில் நின்ற காசிலிங்கம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தேன்மொழி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது.

"ஆத்தா!"

அவள் கண்ணைத் திறந்தாள். முகத்தைச் சுளித்தாள். வயிற்றில் கை வைத்தாள். அது என்னவென்று அவளுக்கே சட்டென்று பிடிபடவில்லை போலிருந்தது.

"அப்பா," என்றாள், "பசிக்கிதுப்பா."

பெனிட்டா கைக்கருவியில் தேன்மொழியின் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்துப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். "ஊசி இவங்க ஒடம்புல இல்லய்யா. சுத்தமா இல்ல. அம்புட்டும் பிள்ளைக்குப் போயிருச்சு."

"அப்ப இவ?"

"பழைய தேன்மொழி. வேளாவேளைக்குச் சோறு போடணும்."

"ஓடு?"

"ஓடு இல்லய்யா. ஆளே இருக்காங்க."

செந்தூரான் அடுப்படிக்கு ஓடினான். பசியே தெரியாத அவன் கஞ்சி வைத்தான். உப்பை அள்ளிக் கொட்டியிருந்தான். ருசி பார்த்துச் சொல்ல அவன் நாக்குக்கு ஆசை இல்லை. தேன்மொழி அதைக் குடித்துவிட்டு, "இனிமே தெனம் ஆக்கிப் பழகுங்க" என்றாள். மறுபடி ஊசி போட்டுக்கொள்கிறாயா என்று அவன் கேட்டதற்கு, "கொஞ்ச நாள் பசிச்சுத்தான் பாக்கிறேனே" என்று இன்னொரு கிண்ணம் நீட்டினாள்.

அதற்குப் பிறகுதான் எல்லாரும் பிள்ளையைப் பார்த்தார்கள். ஆண் பிள்ளை. டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த சட்டை கச்சிதமாக இருந்தது. மூச்சு சீராக வந்தது. கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தான். அழவில்லை. மார்பில் வைத்தால் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கு ஓர் அவசரமும் இல்லை. எதற்கோ காத்திருப்பவன் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எம்புட்டு நேரம் இப்படிக் கெடப்பான்?" என்றார் காசிலிங்கம்.

பெனிட்டா தன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "தெரியாதுய்யா."

வேலம்மா சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்தாள். பிறந்த பிள்ளைக்கு நாக்கில் முதல் சொட்டு வைப்பது அந்த ஊரில் சேனை. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று பேச்சு. அதனால் நிதானமான ஆளாக, நாலு பேருக்கு நல்லவராகப் பார்த்து வைக்கச் சொல்லுவார்கள். காசிலிங்கத்தை ஒருத்தரும் அதுவரை கூப்பிட்டதில்லை.

"அப்பா வைக்கட்டும்" என்றாள் தேன்மொழி.

"நானா? என் குணம் வந்தா ஊர்ல ஒருத்தனோட ஒத்துப்போவானா?"

"ஒத்துப்போக வேண்டாம். இந்த ஊர்ல ஊசி படாத நாக்கு உங்களது ஒண்ணுதான். உங்க பசி அவனுக்கு வரட்டும்."

அவர் பெனிட்டாவைப் பார்த்தார்.

"தண்ணிய நான்தான் காய்ச்சுனேன், வைங்க" என்றாள் அவள். "ஒரு சொட்டுதான், ஆனா இவன் இன்னும் ஒண்ணுமே கண்டதில்ல. இவன் அளவுக்கு அது மொத்தமாக் கொட்டுன மாதிரிதான்."

காசிலிங்கம் கையை மூன்று தடவை கழுவினார். சுண்டுவிரலை நனைத்து, அந்தச் சின்ன உதட்டின் மேல் வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாக்கு நுனி வெளியே வந்தது. விரலைத் துழாவியது. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண் இறங்கி வந்து அவர் முகத்தில் நின்றது. அவர் விரலை எடுத்தார்.

பயல் வாயைத் திறந்தான். தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு கத்து கத்தினான். வெளியே நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். தேன்மொழி சிரித்துக்கொண்டே அழுதாள். பெனிட்டா சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்தாள்.

காசிலிங்கம் மட்டும் அதோடு விடவில்லை. ஒரு தடவை நடந்ததை நம்புகிற ஆள் இல்லை அவர். கிண்ணத்தில் விரலை மறுபடி நனைத்தார்.